கன்னு போட்டு 19 நாள், பால் 18-லேர்ந்து 11 ஆயிருச்சு, கலப்புத் தீவனம் தொடமாட்டேங்குது: கீட்டோசிஸா?

வாடிப்பட்டி கறவை (கேள்வி)

எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம், மூணாவது ஈத்து. கன்னு போட்டு 19 நாள் ஆகுது. ஈத்துல சிக்கல் இல்ல, நஞ்சுக்கொடியும் அஞ்சு மணி நேரத்துக்குள்ள விழுந்துருச்சு. ரெண்டு வேளையும் சேத்து 18 லிட்டர் வரைக்கும் ஏறுச்சு. இப்ப படிப்படியா எறங்கி 11-ல நிக்குது. கலப்புத் தீவனம், பருத்திக்கொட்டை ரெண்டையும் மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்குது. வைக்கோல் மட்டும் கொஞ்சம் கடிக்குது. சாணி கெட்டியா, மேல சளி பூசுன மாதிரி இருக்கு. தொட்டுப் பாத்தா காய்ச்சல் தெரியல. மாடு கன்னு போடுறப்ப நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு, இப்ப இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு வருது.

ஊர்ல ஊசி போடுறவர் வந்து கால்சியம் ஒரு பாட்டில், குளுக்கோஸ் ரெண்டு பாட்டில் ஏத்துனார். அன்னைக்குச் சாயந்திரம் தின்னுச்சு. மறுநாள் காலைல பழையபடிதான்.

இன்னொன்னு, பால் சொசைட்டி சீட்டுல பேட் (கொழுப்பு) 3.9 இருந்தது 5.1 காட்டுது, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) 8.4 இருந்தது 7.9. பேட் கூடுனா நல்லதுதானே?

இது கீட்டோசிஸ்தானான்னு (ஒடம்புக் கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல கீட்டோன்ங்கிற பொருள் கூடுற நோய்) வீட்டுலயே எப்பிடி உறுதி பண்றது? தினமும் பாட்டில் ஏத்தணுமா? வெல்லம் கரைச்சு ஊத்தச் சொல்றாங்க, எவ்வளவு ஊத்தலாம்?


திருமங்கலம் பண்ணை

அண்ணே, அந்தச் சொசைட்டி சீட்டுதான் முதல் சாட்சி. தீவனமே மாத்தாம, கன்னு போட்ட மூணு வாரத்துக்குள்ள பேட் இப்பிடி எகிறி எஸ்.என்.எஃப். எறங்குனா மாடு தன் ஒடம்புக் கொழுப்பக் கரைச்சுப் பால்ல விடுதுன்னு அர்த்தம். ரெண்டு ரூபா கூடக் கெடைக்குதேன்னு சந்தோஷப்படுற நேரம் இது இல்ல.

ஆனா கீட்டோசிஸ்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க.

காய்ச்சலைக் கையால தொட்டுப் பாக்காதீங்க. நம்ம ஊரு சித்திரை வெயில்ல எல்லா மாடும் தொட்டா சுடத்தான் செய்யும். தெர்மாமீட்டர ஆசனவாய்ல பக்கவாட்டுச் சுவர்ல படுற மாதிரி வச்சு ரெண்டு நிமிஷம் பிடிங்க, சாணிக்குள்ள குத்தி வச்சா கணக்குத் தப்பும். காலை 6 மணிக்குள்ள பாக்குறதுதான் கணக்கு. 101-லேர்ந்து 102.5 டிகிரி வரைக்கும் சரி. 103-ஐத் தாண்டுனா வெறும் கீட்டோசிஸ் இல்ல, உள்ள வேற ஏதோ இருக்கு.

அடுத்து மடி. நாலு காம்புலயும் முதல்ல வர்ற பாலை ஒரு கறுப்புத் தட்டுல பீச்சிப் பாருங்க. திரி, தண்ணி மாதிரி ஏதாவது வந்தா மடிநோய். பின்பக்கம் நாத்தத்தோட செம்பழுப்பா வடியுதான்னும் பாருங்க, அது கருப்பை அழற்சி. நஞ்சுக்கொடி சீக்கிரம் விழுந்த மாட்டுக்கும் அது வரும்.

வயிறு: இடது பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னாடி இருக்குற குழியில முஷ்டிய அழுத்தி வச்சு ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ரெண்டு மூணு தடவையாவது உள்ளேர்ந்து உருண்டு வந்து கைய முட்டணும். முட்டவே இல்லன்னா வயிறு நின்னு போச்சு.

கடைசியா மூத்திரம். மெடிக்கல் கடையில சக்கரை நோய்க்காரங்களுக்குன்னு விக்கிற கீட்டோன் ஸ்ட்ரிப் வாங்குங்க. சக்கரை மட்டும் பாக்குற ஸ்ட்ரிப் வேற, டப்பாவுல கீட்டோன்னு இருக்கணும். மாடு படுத்து எந்திரிச்ச ஒடனே மூத்திரம் விடும். இல்லன்னா பின்தொடைகளுக்கு நடுவுல, பிறப்புறுப்புக்குக் கீழ இருக்குற தோலை விரலால மேலயும் கீழயும் மெதுவாத் தடவிக்கிட்டே இருங்க, ஒரு நிமிஷத்துல விட்டுரும். டம்ளர்ல பிடிச்சு நனைச்சு, டப்பாவுல எத்தனை நொடின்னு போட்டிருக்கோ அத்தனை நொடியில நிறத்த ஒப்பிடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா எல்லாமே கறுத்துத்தான் தெரியும். லேசா ரோஸ் வந்தா பெருசா எடுத்துக்க வேணாம், புதுசா கன்னு போட்ட கறவை பலதுக்கு மூத்திரத்துல கொஞ்சம் காட்டும். ஊதா, கருஞ்சிவப்புன்னா சந்தேகமே இல்ல. அதே ஸ்ட்ரிப்ப பால்ல நனைச்சு நிறம் மாறுனா இன்னும் உறுதி. பால்ல மாறலைங்குறதால நோய் இல்லன்னு சொல்ல முடியாது.


மேலூர் கால்நடை மருத்துவர்

மேலே சொன்னது சரியான வரிசை. நான் சிகிச்சையைச் சொல்கிறேன். ஊசிகள் எல்லாம் மருத்துவர் பார்த்துப் போட வேண்டியவை. நேரில் கொண்டுவர முடியாவிட்டால் 1962-க்கு அழையுங்கள், நடமாடும் ஊர்தி வரும். அழைக்கும்போதே "கன்று ஈன்று 19 நாள், தீவனம் எடுக்கவில்லை, மூத்திரத்தில் கீட்டோன்" என்று சொல்லிவிட்டால் தேவையானதை எடுத்து வருவார்கள்.

முதலில் பாட்டில் கணக்கு. ஒரு லிட்டர் பாலுக்கு மடி ஏறக்குறைய 72 கிராம் குளுக்கோஸை இழுக்கிறது. 18 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு மடிக்கு மட்டும் நாளைக்கு 1,300 கிராம் வேண்டும். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 125 கிராம். இரண்டு பாட்டில் ஏற்றினால் 250 கிராம், அதாவது மூன்றரை லிட்டர் பாலுக்கான சரக்கு. அதிலும் ஒரு பங்கு மூத்திரத்தில் போய்விடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை பழைய இடத்துக்கு இறங்கிவிடும். உங்கள் மாடு சாயந்திரம் தின்று காலையில் நிறுத்தியது இதனால்தான். இன்னொரு சந்தேகமும் உண்டு: ஏற்றிய பாட்டிலின் ஒட்டுத்தாளில் 5 சதவீதம் என்று இருந்ததா, 25 என்று இருந்ததா? 5 சதவீதப் பாட்டிலில் 25 கிராம்தான் இருக்கும். அது நீர்ச்சத்துக் குறைவுக்கு உதவும், கீட்டோசிஸுக்கு ஒன்றும் செய்யாது.

ஆகவே பாட்டில் தொடக்கம்தான், மருந்து அதற்குப் பிறகு வாய் வழியே போவது. புரொப்பிலீன் கிளைக்கால். இது வயிற்றிலிருந்து கல்லீரலுக்குப் போய் குளுக்கோஸாக மாறும். 450 கிலோவுக்கு மேல் இருக்கும் எச்.எஃப். கலப்பினத்துக்கு நாளைக்கு ஒரு தடவை 300 மி.லி., சின்ன ஜெர்சி கலப்பினத்துக்கு 200 முதல் 250 மி.லி., ஐந்து நாள். இரண்டாம் நாளே தின்ன ஆரம்பித்தாலும் நிறுத்தக் கூடாது. கடையில் "எனர்ஜி டானிக்" என்று விற்பதில் இது எவ்வளவு இருக்கிறது என்று ஒட்டுத்தாளில் பாருங்கள். சிலவற்றில் பெயருக்குத்தான் இருக்கும், அந்தக் கணக்கில் 300 மி.லி. ஊற்றினால் பாதி மருந்துகூடப் போகாது. தீவனத்தில் கலந்து வைக்காதீர்கள். கசப்பு, மாடு தொடாது. தொட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பலன் குறைவு. ஒரே மூச்சில் உள்ளே போக வேண்டும். அதற்காக இரண்டு மடங்கு ஊற்றினால் மாடு தள்ளாடும், மூச்சு வாங்கும்.

எச்சரிக்கை ஒன்று. வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்டும் "கிளைக்கால்" தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எத்திலீன் கிளைக்கால், சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

டெக்ஸ்ட்ரோஸ் கழுத்து நரம்பில் மெதுவாகத்தான் போக வேண்டும். பால் நரம்பில் ஊசி ஏற்றுவது சுலபம் என்று சிலர் அதில் குத்துவார்கள், இரத்தம் கட்டி நரம்பு கெட்டுவிடும். 25 சதவீதக் கரைசல் நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடம் வீங்கிப் புண்ணாகும், தோலுக்கடியில் போடவே கூடாது. கூடவே பி12 சேர்ந்த ஊசி மூன்று நாள் போடுவோம். தீவனம் செரிக்கும்போது வயிற்றில் உண்டாகும் புரொப்பியோனேட் என்ற அமிலச் சத்து குளுக்கோஸாக மாற பி12 வேண்டும், தின்னாத மாட்டுக்கு அது குறைந்திருக்கும்.

கால்சியம் தேவையா என்பது மாட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. பால் காய்ச்சல் பெரும்பாலும் ஈன்ற மூன்று நாளுக்குள் வரும், காது சில்லிட்டு மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். 19-ஆம் நாள் நின்றுகொண்டிருக்கும் மாட்டுக்கு நரம்பில் கால்சியம் அவசரமில்லை, வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு.


வாடிப்பட்டி கறவை

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அண்ணே. காலைல 101.8 இருக்கு. மடி சுத்தம், பின்பக்கம் வடிதல் இல்ல. வயிறு ரெண்டு நிமிஷத்துல ஒரே ஒரு தடவை லேசா முட்டுச்சு. மூத்திரத்துல ஸ்ட்ரிப் கருஞ்சிவப்பு, பால்லயும் ரோஸ் வந்துருச்சு. பாட்டில் குப்பையில இருந்துச்சு, எடுத்துப் பாத்தா 5 சதவீதம்தான்.

புரொப்பிலீன் கிளைக்கால் வாங்க ஆள் அனுப்பிட்டேன். எடை எப்பிடிக் கணக்குப் பண்றது? வெல்லம் பத்தி யாரும் சொல்லலையே.


அலங்காநல்லூர் தீவனக்காரர்

எடைக்கு டேப் போதும். முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி எத்தனை அங்குலம், தோள் முனையிலேர்ந்து பின்னாடி உக்காரும் எலும்பு முனை வரைக்கும் எத்தனை அங்குலம் நீளம், ரெண்டும் அளந்துக்கங்க. நெஞ்சுச் சுத்தளவ அதே எண்ணால பெருக்கி, நீளத்தால பெருக்கி, 660-ஆல வகுத்தா கிலோ. சுத்தளவு 66, நீளம் 58 இருந்தா 383 கிலோ வரும். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், மருந்துக்கு இது போதும்.

வெல்லம்: நமக்கு மயக்கம் வந்தா சக்கரை தின்னா தெளியும், மாட்டுக்கும் அப்பிடித்தான்னு நெனச்சுக்குறோம். மாட்டோட முதல் வயித்துல இருக்குற நுண்ணுயிரி அந்தச் சக்கரையத் தானே தின்னுரும். ரத்தத்துக்குச் சக்கரையாப் போய்ச் சேராது, புளிச்சு அமிலமா மாறும். அதுல வர்ற ப்யூட்டிரேட்ங்கிற அமிலம் பெரும்பகுதி கீட்டோனாவே மாறுது. 100 கிராம் வெல்லத்தத் தண்ணியில கரைச்சுத் தவிட்டு மேல தெளிச்சா ருசிக்கு நாக்கு நீட்டும், அதுக்கு வச்சுக்கங்க. அரைக்கிலோ ஒரு கிலோன்னு கரைச்சு ஊத்துனா ஏற்கெனவே மந்தமா இருக்குற வயிறு புளிச்சு, சாணி தண்ணியாப் போயி, இருக்குற பசியும் போயிரும். பழைய சோறு, கஞ்சி, கழனித்தண்ணில மாவு கரைச்சு வாளி வாளியா வைக்கிறதும் இதே கதைதான்.

கிளைக்கால் இன்னைக்கே கெடைக்கலன்னா கிளிசரின் ஊத்தலாம், தின்னத் தகுந்த தரம்னு போட்டிருக்கணும். அளவு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, இதுக்குக் கொஞ்சம் கூடுதலா வேணும்.

பருத்திக்கொட்டைய இப்போதைக்கு நிறுத்துங்க. நம்ம பக்கம் கறவைன்னா பருத்திக்கொட்டை ஆட்டி வைக்காம மனசு ஆறாது. ஆனா அதுல இருக்குறது எண்ணெய். கொழுப்பு குளுக்கோஸா மாறாது, ஏற்கெனவே கொழுப்பு சேந்து திணறுற கல்லீரலுக்கு மேல பாரத்த ஏத்துறோம். கன்னு போட்ட மாட்டுக்கு நல்லெண்ணெய், நெய்ன்னு ஊத்துறதும் இதுல சேரும்.

இப்ப என்ன வைக்கலாம்னா, முதல்ல எதைத் தின்னாலும் சரி, தின்னட்டும். பூத்த பசுஞ்சோளம், வேலிமசால், அகத்தி, இளசான கோ-5 (கம்பு நேப்பியர் புல்) நல்லது. பூக்காத இளஞ்சோளமும் வாடிப்போன முளைச்சோளமும் வேணாம், விஷம் இருக்கும். நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு தடவையா வைங்க. தொட்டியில மிச்சம் கெடந்து புளிச்சா அள்ளிப் போட்டுட்டுப் புதுசா வைங்க. ரெண்டாம் நாள்லேர்ந்து உடைச்ச மக்காச்சோளம் காலைல 300 கிராம், மத்தியானம் 300, ராத்திரி 300. அது வயித்துல புரொப்பியோனேட்டக் குடுக்கும், நமக்கு வேண்டியது அதுதான். கலப்புத் தீவனம் ஒரு கிலோவுல ஆரம்பிச்சு நாளைக்கு அரைக்கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க. பசி வந்துருச்சேன்னு ஒரே நாள்ல அஞ்சு கிலோ கொட்டுனா அமிலம் கூடி திரும்பப் படுக்கும். தீவனத்துல 100 கிராம் சோடா உப்பு, தாது உப்புக் கலவை 50 கிராம்.

சைலேஜ் (காத்துப் புகாம பதப்படுத்துன பசுந்தீவனம்) போடுறவங்க மோந்து பாருங்க. புளிப்பு வாசம்னா சரி. ஈரம் கூடிப்போயி அழுகுன வெண்ணெய் வாடை அடிச்சா அதுல ப்யூட்டிரிக் அமிலம் இருக்கு, அதுவே கீட்டோசிஸக் கொண்டுவரும்.


பேரையூர் கறவை

மருந்து ஊத்துறதப் பத்தி யாரும் சொல்லல. கிளைக்கால் வழுவழுன்னு இருக்கும், புரையேறி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா நிமோனியாவுல மாடு போயிரும். கண்ணாடி பாட்டில் வேணாம், கடிச்சா ஒடையும். மூங்கில் குழாய் இல்லன்னா கழுத்து நீளமான பிளாஸ்டிக் பாட்டில். தலையத் தூக்கி வானத்தப் பாக்க வைக்காதீங்க. மூக்கு கண்ணுக்கு நேரா வர்ற அளவு தூக்குனாப் போதும். நாக்க வெளிய இழுத்துப் பிடிக்கிறதுதான் பெரிய தப்பு, நாக்கு வெளிய இருந்தா முழுங்க முடியாது. வாய் ஓரத்துல பல் இல்லாத இடத்துல நுழைச்சு ஒரு மடக்கு ஊத்தி, முழுங்குனதப் பாத்துட்டு அடுத்த மடக்கு. இருமுனா ஒடனே தலைய விட்டுருங்க.


சோழவந்தான் பால்

டாக்டர், இதுக்கு டெக்சா ஊசி ஒண்ணு போட்டா அன்னைக்கே தின்னுரும்னு சொல்றாங்களே? ஊர்ல எல்லாத்துக்கும் அதுதான் போடுறாங்க.


மேலூர் கால்நடை மருத்துவர்

தின்னும். டெக்சாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை ஏற்றும், பாலையும் சில நாள் குறைக்கும், இரண்டும் சேர்ந்து கீட்டோன் இறங்கும். கீட்டோசிஸுக்கு அது பழைய மருந்துதான், 10 முதல் 20 மி.கி. ஒரே தடவை போடுவோம். ஆனால் அது நோய் எதிர்ப்பையும் அமுக்கிவிடும். கருப்பை அழற்சியோ மடிநோயோ ஒளிந்திருக்கும் மாட்டுக்குப் போட்டால் நோய் பரவும், காய்ச்சல் மட்டும் இறங்கி நம்மை ஏமாற்றும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை கரையும். கடைசி மூன்று மாதச் சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடும். அதனால் நான் முதல் நாள் போடுவதில்லை. கிளைக்கால் மூன்று நாள் சரியாகப் போயும் கீட்டோன் இறங்கவில்லை, தொற்று இல்லை என்று உறுதியாகிவிட்டது, அப்போது யோசிப்பேன். இதில் வேறு மருத்துவர்கள் முதல் நாளே போடுவார்கள், அது அவரவர் முடிவு. மாட்டைப் பார்க்காமல் கடையில் வாங்கிப் போடுவதைத்தான் தவறு என்கிறேன். போட்டால் மருந்து ஒட்டுத்தாளில் சொன்ன நாள் வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

கேட்டவருக்கு: உங்கள் மாட்டுக்கு இது முதன்மைக் கீட்டோசிஸ் (வேறு நோயின் விளைவாக வராதது) போலத்தான் தெரிகிறது. கொழுத்துப் போய் ஈன்ற மாடு, காய்ச்சல் இல்லை, மடி சுத்தம். ஆனால் வயிறு சரியாக அசையவில்லை என்கிறீர்கள். ஐந்து நாள் மருந்து முடிந்து இரண்டு நாளில் திரும்ப நின்றுவிட்டால் நான்காம் வயிறு இடம் மாறி இடது பக்கம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசி விலாக்களின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் விரலால் சுண்டினால் வெண்கலக் குடத்தைத் தட்டிய மாதிரி கணீரென்று கேட்கும். அப்படி இருந்தால் கிளைக்கால் எத்தனை லிட்டர் ஊற்றியும் பயனில்லை, வயிற்றை இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கம்பி, ஆணி விழுங்கியிருந்தாலும் இப்படித்தான் திரும்பத் திரும்ப நிற்கும், அந்த மாடு முதுகை வளைத்து நிற்கும், இறக்கத்தில் இறங்கத் தயங்கும்.

இரத்தத்தில் பார்க்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. மனிதர்களுக்கான கீட்டோன் மீட்டரே போதும். வால் நரம்பில் எடுத்த ஒரு சொட்டு. பால் நரம்பில் எடுத்தால் குறைத்துக் காட்டும். 1.2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் மறைமுகக் கீட்டோசிஸ், 3-க்கு மேல் என்றால் வெளிப்படையானது.

ஒன்று விட்டுப்போனது. சில மாடுகள் கீட்டோசிஸில் மூளை பாதித்து நடக்கும்: கட்டையை, சங்கிலியை விடாமல் நக்கும், வாயில் ஒன்றும் இல்லாமல் மெல்லும், எச்சில் வடியும், வட்டமாகச் சுற்றும். வெறிநோயும் இதே மாதிரி தெரியும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வெறுங்கையை வாய்க்குள் விடாதீர்கள், மருத்துவர் வரும்வரை மருந்தும் ஊற்ற வேண்டாம்.


திருமங்கலம் பண்ணை

அடுத்த ஈத்துக்கு இப்பவே சொல்லி வச்சுடுறேன், ஒரு தடவை வந்த மாட்டுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம். பால் வத்த விட்ட ரெண்டு மாசத்துல கொழுக்க விடக் கூடாது. பின்னாடி நின்னு பாத்தா வாலுக்கு ரெண்டு பக்கமும் கொழுப்பு மேடு தெரிஞ்சா கூடிப்போச்சு. விலா கண்ணுக்குத் தெரியாம, தடவுனா கைக்குத் தட்டுப்படணும், அந்தப் பக்குவம்தான். அதுக்காகக் கடைசி மாசத்துல பட்டினி போட்டு எளைக்க வைக்காதீங்க, அப்பவே கொழுப்பு கரைய ஆரம்பிச்சுரும். கறவையோட கடைசி மூணு மாசத்துலயே தீவனத்தச் சரி பண்ணணும். கன்னு போட மூணு வாரம் இருக்குறப்ப, போட்ட பிறகு எந்தத் தீவனம் குடுக்கப் போறீங்களோ அதையே ஒரு கிலோவுல ஆரம்பிச்சு ரெண்டரை கிலோ வரைக்கும் கொண்டு வாங்க, வயிறு பழகிக்கும்.

கன்னு போட்ட அன்னைக்கே தண்ணி தாராளமா வைங்க. ரெண்டு நாளைக்குத் தண்ணியும் தீவனமும் குறைச்சு வைக்கிற பழக்கத்த விட்டுருங்க. வெயில் காலத்துல காலை அஞ்சு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கு மேலயும்தான் மாடு நல்லா தின்னும், பெரும்பங்கு தீவனத்த அந்த நேரத்துல வைங்க. மத்தியான வெயில்ல வச்சுட்டுத் தின்னலன்னு சொல்றதுல அர்த்தமில்ல.


வாடிப்பட்டி கறவை

சுத்தளவு 71, நீளம் 61, 465 கிலோ வருது. 300 மி.லி. ஊத்தியாச்சு, இருமல் இல்ல. நாளைக்கு 1962 வண்டி வருதுன்னு சொல்லிருக்காங்க, 25 சதவீதப் பாட்டிலும் பி12-ம் கேட்டு வச்சிருக்கேன். அது வரைக்கும் கறவைய மடி முழுசா வத்துற அளவுக்குக் கறக்கணுமா, கொஞ்சம் விட்டுறலாமா?


மேலூர் கால்நடை மருத்துவர்

மடி சுத்தமாக இருப்பதால் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் விட்டுக் கறக்கலாம், பாலுக்குப் போகும் குளுக்கோஸ் அந்த அளவுக்கு மிச்சம். மடியில் சூடோ கட்டியோ தெரிந்தால் உடனே முழுசாகக் கறந்துவிடுங்கள். ஐந்தாம் நாள் மருந்து முடிந்த மறுநாள் காலை பாலில் ஸ்ட்ரிப் வைத்துப் பாருங்கள், நிறம் மாறாமல் இருக்க வேண்டும். அன்றைய சொசைட்டி சீட்டில் பேட் நாலுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.